கூலரை டிஸ்க் பக்கம் திருப்பாதீர்கள்

"நாற்பதைத் தாண்ட விடாதீங்க சார், தாண்டினா டிஸ்க் போயிடும்." தில்லி துவாரகாவில் வீட்டுக்குள் ஒரு சின்ன சர்வரை வைத்துக்கொண்டு கல்யாண வீடியோ, பிள்ளைகளின் புகைப்படம், வீட்டுப் பத்திரங்களின் ஸ்கேன், பழைய தமிழ்ப் படம் என்று எல்லாவற்றையும் அதில் சேர்த்துவைக்கிற யாரைக் கேட்டாலும் இந்த வாக்கியம் வந்துவிடும். நேரு பிளேஸ் கம்ப்யூட்டர் கடையில் டிஸ்க்கைப் பெட்டியிலிருந்து எடுத்துக் கொடுக்கிறவரும் இதைத்தான் இந்தியில் சொல்கிறார். பெங்களூரிலிருந்து போனில் யோசனை சொல்லும் மைத்துனரும் இதைத்தான் சொல்கிறார். ஆனால், ஏன் 40 டிகிரி, ஏன் 45 இல்லை, ஏன் 38 இல்லை என்று கேட்டால் ஒருவரிடமும் பதில் இருக்காது.

பதில் இல்லாவிட்டாலும் அந்த எண்ணை நம்பிப் பலர் பல காரியங்கள் செய்கிறார்கள். ஏப்ரல் பிறந்ததும் சர்வர் பெட்டியின் பக்கத்தகட்டைக் கழற்றிவிட்டு டேபிள் ஃபேனை அதன் முகத்துக்கு நேரே வைப்பது ஒன்று. ஹாலில் ஓடும் கூலரின் வாயைக் கொஞ்சம் திருப்பி, 'அதுக்கும் நாலு காத்துப் படட்டுமே' என்று விடுவது இன்னொன்று. காற்றோட்டம் வேண்டும் என்று பால்கனிக் கதவோரம் கொண்டுபோய் வைப்பவர்கள் உண்டு. பத்து நிமிஷம் யாரும் தொடாவிட்டால் டிஸ்க் சுழற்சி நின்றுவிடும்படி செட்டிங் போட்டு, 'இப்ப 33தான் காட்டுது' என்று பெருமைப்படுபவர்களும் உண்டு.

இந்த நாலு காரியமும் டிஸ்க்குக்குக் கெடுதல் என்பது என் கட்சி. டிஸ்க்கின் சூடு துவாரகாவில் வருஷத்தில் சில வாரங்கள் கண்வைக்க வேண்டிய விஷயம், அவ்வளவுதான். மற்ற மாதங்களில், முக்கியமாக ஜூலை முதல் செப்டம்பர் வரை, அந்தச் சூடுதான் அதைக் காப்பாற்றுகிறது. இங்கே டிஸ்க்குக்கு எமன் ஈரமும், காற்றில் கலந்திருக்கும் கந்தக வாயுவும், தூசியும். குளிர்விக்கிறோம் என்ற பெயரில் இந்த மூன்றையும் நாமே வெற்றிலை பாக்கு வைத்து அழைக்கிறோம்.

சூட்டைப் பற்றிய பயம் எங்கிருந்து வந்தது? ஸ்வாந்தே அரீனியஸ் என்ற ஸ்வீடன் நாட்டு வேதியியலார் 1889இல் சூடு ஏறினால் வேதிவினை எவ்வளவு வேகமாகிறது என்பதற்கு ஒரு சமன்பாடு கொடுத்தார். மின்னணுப் பொறியாளர்கள் அதைச் சுருக்கி, பத்து டிகிரி கூடினால் ஆயுள் பாதி என்று வாய்ப்பாடாக்கிக்கொண்டார்கள். மின்பகுளிக் கெபாசிட்டருக்கு அது நன்றாகவே பொருந்தும். ஆனால் ஹார்ட் டிஸ்க் என்பது பாதிக்கு மேல் இயந்திரம். தகடு சுழல்கிறது, அதன்மேல் சில நானோமீட்டர் உயரத்தில் தலை மிதக்கிறது, கை அசைகிறது. அது பழுதாவதற்குத் தலை தேய்வது, துகள் சிக்குவது, மோட்டார் தாங்கி கெடுவது, சர்க்யூட் போர்டின் இணைப்பு அரிப்பது என்று பல வழிகள் இருக்கின்றன. அத்தனைக்கும் ஒரே வாய்ப்பாடு எப்படிப் போதும்?

போதாது என்பதை ஊரறியச் சொன்னது கூகுள். 2007இல் பின்ஹெய்ரோ, வெபர், பரோசோ என்ற மூன்று பேர் தங்கள் நிறுவனத்தில் ஓடிய ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட டிஸ்க்குகளின் கணக்கை வெளியிட்டார்கள். சூடு ஏற ஏறப் பழுது ஏறும் என்று எதிர்பார்த்துப் போனால், குறைந்த வெப்பநிலையில் இருந்தவைதான் அதிகம் பழுதாகியிருந்தன. மிக உயர்ந்த வெப்பநிலையில் மட்டும், அதுவும் மூன்று வயது கடந்த டிஸ்க்குகளில், சூடு தன் வேலையைக் காட்டியது. 2014இல் பேக்பிளேஸ் நிறுவனம் 34,000 டிஸ்க்குகளை வைத்துப் பார்த்தது. ஒரு மாடலைத் தவிர மற்றவற்றில் வெப்பநிலைக்கும் பழுதுக்கும் சொல்லிக்கொள்ளும்படி தொடர்பே இல்லை என்றது.

இதில் ஒரு நேர்மை வேண்டும். பேக்பிளேஸின் டிஸ்க்குகள் குளிரூட்டிய கூடத்தில் இருந்தவை. மே மாதத்தில் மேல்மாடி வீட்டில் 52 டிகிரியில் கிடக்கும் டிஸ்க்குக்கு அந்தக் கணக்கு சாட்சி சொல்லாது. அதைக் காட்டி 'சூடு ஒன்றுமே செய்யாது' என்று வாதாடுபவர்களோடு நான் சேரவில்லை. உற்பத்தியாளர் கொடுத்திருக்கும் எல்லை என்ன என்று பாருங்கள். வீட்டு சர்வருக்கென்றே விற்கும் டபிள்யூ.டி. ரெட் பிளஸ் வகைக்கு 65 டிகிரி வரை ஓடலாம் என்று அந்த நிறுவனமே எழுதிக் கொடுத்திருக்கிறது. 65இல் ஓட்டுங்கள் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் 41 காட்டியதும் பதறி எழுந்து கூலரைத் திருப்புகிறவர், அந்த எல்லைக்கும் தனக்கும் நடுவே 24 டிகிரி இடைவெளி இருப்பதைக் கவனிப்பதில்லை.

எண்ணைக் கண்டு பதறுவது தில்லிக்குப் புதிதல்ல. 2024 மே 29 அன்று முங்கேஷ்பூரின் தானியங்கி நிலையம் 52.9 டிகிரி காட்டியது. நாடு முழுக்கச் செய்தி பரவியது. பிறகு வானிலைத் துறை ஆராய்ந்து பார்த்து, அந்த உணரி 3 டிகிரி கூடுதலாகக் காட்டியது என்றது. டிஸ்க்குக்குள் இருக்கும் உணரியும் ஓரிடத்துச் சூட்டைத்தான் சொல்கிறது. ஒரே பெட்டியில் அடுத்தடுத்து இருக்கும் இரண்டு கம்பெனி டிஸ்க்குகள் நாலைந்து டிகிரி வித்தியாசம் காட்டுவதைப் பார்த்தவர்களுக்கு இது தெரிந்திருக்கும்.

சூடுதான் பகை என்பவர்களின் கையில் பலமான ஆயுதம் ஒன்று இருக்கிறது. அதை மறைத்து வைத்துக்கொண்டு வாதாடுவதில் அர்த்தமில்லை. மைக்ரோசாஃப்ட் தரவு மையங்களை வைத்து ஸ்ரீராம் சங்கர், மார்க் ஷா, குஷாக்ரா வைத், சுதன்வ குருமூர்த்தி ஆகியோர் செய்து 2013இல் விரிவாக வெளியிட்ட ஆய்வு, டிஸ்க்கின் சூட்டுக்கும் பழுதுக்கும் தெளிவான தொடர்பு இருப்பதாகச் சொன்னது. கூகுளுக்கு நேர் எதிர். நெருக்கமாக அடுக்கிய பெட்டிகளில் சூடான இடத்தில் மாட்டிய டிஸ்க்குகள் கூடுதலாகச் செத்தன. '2013லயே நிரூபிச்சாச்சே' என்று மேஜையைத் தட்டுபவர்கள் இதோடு நிறுத்திக்கொள்கிறார்கள்.

அதே ஸ்ரீராம் சங்கரின் பெயர் 2016இல் வந்த இன்னொரு ஆய்விலும் இருக்கிறது. இந்த முறை ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தின் மனுசாக்கிஸ் முதல் பெயர். ஒன்பது பெரிய தரவு மையங்களின் கணக்கு. இவற்றில் பல, மின்செலவைக் குறைக்க ஏசியை விட்டுவிட்டு வெளிக்காற்றையே உள்ளே இழுத்துக் குளிர்விப்பவை. அதாவது, நம் ஜன்னலோரத்து சர்வருக்கு நெருங்கிய சொந்தம். அவர்கள் கண்டது: பழுதுக்குப் பெரிய காரணமாகத் தெரிந்தது வெப்பநிலை அல்ல, ஈரப்பதம். ஈரம் மிகுந்த காற்றில் டிஸ்க்கின் தகடு, தலை எல்லாம் நன்றாக இருக்கும்போதே கன்ட்ரோலரும் இணைப்பும் கெட்டு டிஸ்க் காணாமல் போகிறது. இதைவிட ருசியான சங்கதி ஒன்றையும் சொன்னார்கள். சர்வரின் முன்பக்கம், குளிர்ந்த காற்று நேராகப் படும் இடத்தில் டிஸ்க்கை வைப்பதைவிட, மற்ற பாகங்களின் சூட்டை வாங்கிக்கொண்டு வரும் காற்றில், பின்பக்கம் வைத்தால் ஈரமான ஊர்களில் பழுது கணிசமாகக் குறைகிறது.

அங்கே காற்று சூடாக இருக்கிறது. ஆகவே அதன் ஒப்பு ஈரப்பதம் குறைவு. மழைக்காலத்தில் அப்பள டப்பாவை அடுப்பு மேடையோரம் வைக்கும் பாட்டிகளுக்கு இதில் ஆச்சரியம் ஒன்றும் இருக்காது.

கணக்காகவே பார்க்கலாம். ஆகஸ்ட் மாதம், துவாரகாவில் ஜன்னல் திறந்த ஓர் அறை. 32 டிகிரி, ஈரப்பதம் 80 சதவீதம். டிஸ்க் அறையைவிடப் பத்து டிகிரி கூடுதலாக, 42இல் ஓடுகிறது. அதே காற்று டிஸ்க்கின் உடம்பை ஒட்டி 42 டிகிரிக்குச் சூடாகும்போது அதன் ஈரப்பதம் சுமார் 46 சதவீதமாக இறங்கிவிடும். பெட்டியைத் திறந்து ஃபேனை அடித்து டிஸ்க்கை 35க்குக் கொண்டுவந்தால், அதே காற்று அதன்மேல் சுமார் 68 சதவீதமாகப் படியும். சுழற்சியை நிறுத்தித் தூங்கவைத்து, டிஸ்க் அறையின் சூட்டுக்கே இறங்கிவிட்டால் முழு 80. கம்ப்யூட்டர் கூடங்களுக்கு அளவுகோல் வகுக்கும் ஆஷ்ரே அமைப்பு, ஈரப்பதம் 60 சதவீதத்தைத் தாண்டாமல் இருக்கட்டும் என்று பல வருஷம் சொல்லிவந்தது. 42இல் இருந்தபோது அந்த வரம்புக்குள் வசதியாக இருந்த டிஸ்க்கை நாம் பாடுபட்டு வரம்புக்கு வெளியே தள்ளுகிறோம். திரையில் 35 என்று பார்த்துத் திருப்தியும் படுகிறோம்.

ஈரம் என்ன செய்துவிடும் என்று கேட்பவர்கள், தாங்கள் இருக்கும் ஊரின் காற்றைக் கணக்கில் சேர்க்கவில்லை. துவாரகாவின் ஓரமாக நஜஃப்கர் நாலா ஓடுகிறது. ஒரு காலத்தில் சாஹிபி ஆறு. இப்போது யமுனையில் கலக்கும் சாக்கடைகளில் எல்லாம் பெரியது. ககரோலா பக்கம் பாலத்தைக் கடக்கும்போது ஆட்டோவில் எல்லோரும் ஒரே நேரத்தில் மூக்கைப் பொத்துவார்கள். அந்த அழுகிய முட்டை வாடைக்குப் பெயர் ஹைட்ரஜன் சல்பைடு. வெள்ளியையும் தாமிரத்தையும் கறுக்கவைக்கும் வாயு அதுதான். எங்கள் வீட்டு சுவாமி அலமாரியில் வெள்ளிக் குத்துவிளக்கைத் தேய்த்துப் பளபளவென்று வைத்தால், மழைக்காலத்தில் அடுத்த வெள்ளிக்கிழமை வருவதற்குள் அதன் கழுத்து மடிப்பில் பழுப்பு ஏறி, பிறகு கருநீலம் ஓடிவிடும். தஞ்சாவூர் வீட்டில் அதே விளக்கு இப்படிப் படுத்தியதில்லை.

இதற்கும் டிஸ்க்குக்கும் என்ன சம்பந்தம்? 2006 ஜூலை முதல் ஐரோப்பா மின்னணுப் பொருட்களில் ஈயத்தைத் தடைசெய்தது. ஈயம் கலந்த பற்றாசு பூசிய சர்க்யூட் போர்டுகளுக்குப் பதிலாக, மெல்லிய வெள்ளிப் பூச்சுக் கொண்ட போர்டுகள் பரவலாக வந்தன. சில வருஷங்களிலேயே, காற்றில் கந்தகம் மிகுந்த ஊர்களில் கம்ப்யூட்டர்கள் காரணமில்லாமல் சாகத் தொடங்கின. ஆஷ்ரேயின் குழு 2009இல் இதற்கென்றே ஓர் அறிக்கை வெளியிட்டது. காற்று சுத்தமா என்று பார்க்க ஒரு கூடத்தில் தாமிரத் துண்டும் வெள்ளித் துண்டும் தொங்கவிடுவார்கள்; மாதத்துக்குத் தாமிரத்தில் 300 ஆங்ஸ்ட்ராம், வெள்ளியில் 200 ஆங்ஸ்ட்ராமுக்குமேல் அரிப்புப் படலம் ஏறினால் அந்தக் காற்று மின்னணுக் கருவிக்கு ஆகாது. இந்த அரிப்பு, ஈரம் ஏறினால் வேகம் பிடிக்கும். வாயுவை நாம் தடுக்க முடியாது; நாலாவை மூட நம்மால் ஆகாது. ஈரத்தைக் குறைக்க முடியும். அதற்கு இருப்பதில் மலிவான வழி, டிஸ்க்கைத் தன் சூட்டில் இருக்கவிடுவது.

செத்துப்போன பழைய டிஸ்க் ஒன்றை எடுத்துக் கவிழ்த்துப் பாருங்கள். நட்சத்திரத் தலைத் திருகுகளைக் கழற்றிப் பச்சை போர்டை மெல்லத் தூக்கினால், அதன் உள்முகத்தில் வரிசையாகச் சின்னச் சின்ன உலோகத் திட்டுகள் தெரியும். மோட்டாருக்கும் தலைக்கும் போகும் தொடர்பெல்லாம் அவற்றின் வழியாகத்தான். துவாரகாவில் ஓடிய டிஸ்க்கில் அவை பளிச்சென்று இருப்பது அபூர்வம். கறுத்து, ஓரத்தில் சாம்பல் பூத்து இருக்கும். நேரு பிளேஸில் ரிப்பேர் பார்க்கும் பையன்கள் பென்சில் ரப்பரால் அதைத் தேய்த்து, சில சமயம் டிஸ்க்கை உயிர்ப்பித்தும் விடுவார்கள். சூட்டினால் போச்சு என்று தூக்கிப் போடப்பட்டவற்றில் எத்தனை இப்படி ரப்பருக்குப் பிழைத்திருக்கும்!

அரிப்பு தொடங்கிவிட்டதா என்பதை டிஸ்க் சாவதற்கு முன்பே ஓரளவு பார்க்கலாம். டிஸ்க் தன்னைப் பற்றித் தானே எழுதி வைக்கும் ஸ்மார்ட் குறிப்பில் எல்லோரும் 194ஆம் எண்ணைப் பார்க்கிறார்கள், அது வெப்பநிலை. 199ஐ யாரும் பார்ப்பதில்லை. டிஸ்க்குக்கும் மதர்போர்டுக்கும் நடுவே போகும் தகவல் வழியில் சிதைந்தால் அந்த எண் ஏறும். கேபிள், இணைப்பு முனை, தொடர்பு இவைதான் பெரும்பாலும் காரணம். மழைக்காலம் முடிந்ததும் 199 ஏறியிருந்தால், ஃபேன் வாங்காதீர்கள்; கேபிளைக் கழற்றி, முனையைச் சுத்தம் செய்து, புதுக் கேபிள் மாட்டுங்கள். 5, 197, 198 ஆகிய எண்கள் அசைந்தால் விஷயம் வேறு. அது தகட்டின் பிரச்சினை, அப்போதே பிரதி எடுக்க வேண்டும். அதே 2007 கூகுள் ஆய்வில், முதல் வாசிப்புப் பிழை தெரிந்த டிஸ்க் அடுத்த 60 நாளுக்குள் சாகும் வாய்ப்பு, பிழை இல்லாத டிஸ்க்கைவிட 39 மடங்கு. பாதிக்கு மேற்பட்ட டிஸ்க்குகள் இந்த முக்கியமான குறிகளில் ஒன்றையும் காட்டாமலே செத்தன என்பதும் அதே ஆய்வில்தான் இருக்கிறது. அதனால் இன்னோர் இடத்தில் பிரதி இல்லாதவர் சூட்டைப் பற்றிப் பேசவே தகுதியில்லாதவர் என்பேன்.

இப்போது கூலருக்கு வருகிறேன். மே மாதத் தில்லிக் காற்று காய்ந்த காற்று. வெளியே 45 டிகிரி, ஈரப்பதம் 15 சதவீதம் என்று வையுங்கள். அந்தக் காற்று உள்ளே வந்து 48 டிகிரியில் ஓடும் டிஸ்க்கைத் தொடும்போது ஈரப்பதம் சுமார் 13தான். அரிப்பு என்ற பேச்சுக்கே இடமில்லை. இதே அறையில் கூலரை ஓட்டினால் அறை 31க்கு இறங்கும், ஈரப்பதம் 70க்கு ஏறும். டிஸ்க் 39க்கு வரும். அதன்மேல் படும் காற்றின் ஈரப்பதம் இப்போது சுமார் 45. ஓடிக்கொண்டிருக்கிற டிஸ்க்குக்கு இதுவும் மோசமில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கூலரைத் திருப்புகிறவர்தான் டிஸ்க்கைத் தூங்கவைக்கிறவரும். தூங்கும் டிஸ்க்குக்கு முழு 70. அதோடு துவாரகாவில் கூலர்த் தொட்டியில் ஊற்றுவது பெரும்பாலும் உப்புத் தண்ணீர். சீசன் முடிந்து கூலரைத் திறந்தால் வைக்கோல் திரை முழுக்க வெள்ளை உப்புப் பூத்துக் கிடப்பதைப் பார்க்கிறோம். காற்று வேகமாக அடிக்கும் கூலர், நுண்துளிகளையும் சேர்த்தே துப்பும். அந்தத் துளி காய்ந்தால் மிஞ்சுவது உப்பு. திறந்து போட்ட சர்க்யூட் போர்டின்மேல் உப்பு! நகராட்சிக்காரர் கொசுப்புழு இருக்கிறதா என்று தொட்டியை எட்டிப் பார்ப்பதுபோல, டிஸ்க்குக்காகவும் யாராவது வந்து பார்த்தால் தேவலை.

'அப்ப ஏசி போட்டுடலாமே' என்பது அடுத்த வாதம். இதில் பாதி நியாயம் இருக்கிறது. ஏசி ஈரத்தையும் எடுக்கும். நாள் முழுக்க ஒரே நிலையில் ஓடினால் அதைவிட நல்ல இடம் டிஸ்க்குக்கு இல்லை. ஆனால் சம்பளக்காரர் வீட்டில் ஏசி ஓடுவது இரவு படுக்கையறையில். இரவு 26, பகலில் 38 என்று அறை மாற, டிஸ்க்கும் அதோடு தினமும் ஊஞ்சலாடும். டொரன்டோ பல்கலைக்கழகத்தில் எல்-சயத், பியங்கா ஷ்ரோடர் முதலானோர் 2012இல் வெளியிட்ட ஆய்வு, கூகுள் தரவையும் சேர்த்துப் பார்த்துச் சொன்னது: படிக்க முடியாமல் போகும் செக்டர்களைப் பொறுத்தவரை, சராசரி வெப்பநிலையைவிட, வெப்பநிலையின் ஏற்ற இறக்கத்துக்குத்தான் விளைவு அதிகம், அதுவும் சீராகத் தெரிகிறது. உற்பத்தியாளரும் மணிக்கு 20 டிகிரிக்குமேல் மாற்றம் கூடாது, நீர் பூக்கக் கூடாது என்கிறார்கள். படுக்கையறை ஊஞ்சல் அந்த எல்லையை மீறாது என்றாலும், நிலையான 44ஐவிட, 32க்கும் 46க்கும் நடுவே தினமும் அலையும் டிஸ்க் நன்றாக இருக்கும் என்று நம்ப ஆதாரம் ஒன்றுமில்லை.

பகலிலும் அதற்காகவே ஏசி போடலாம் என்றால், செலவைப் பாருங்கள். ஒன்றரை டன் ஏசி மணிக்கு ஒரு யூனிட் என்று வைத்தால் எட்டு மணி நேரத்துக்கு மாதம் 240 யூனிட். தில்லியில் 200 யூனிட் வரை இலவசம், 400 வரை பாதி மானியம். 400ஐத் தாண்டினால் மானியம் மொத்தமும் போகும். முப்பது, நாற்பது வாட் இழுக்கும் ஒரு பெட்டிக்காக மானியத்தை இழந்து, அதில் மிச்சமாகும் டிஸ்க்கின் ஆயுள் எவ்வளவு என்று ஒருவராலும் சொல்ல முடியாது. அந்தப் பணத்தைச் சேர்த்தால் இரண்டு கோடையில் ஒரு புது டிஸ்க்கே வாங்கிப் பிரதி எடுத்துத் தஞ்சாவூரில் அண்ணன் வீட்டில் வைத்துவிடலாம்.

ஃபேன் விஷயத்தில் அடிப்படையே புரியாமல் இருக்கிறது. எந்த ஃபேனும் டிஸ்க்கை அறையின் வெப்பநிலைக்குக் கீழே கொண்டுபோகாது. மூடிய பெட்டியில் காற்றே அசையாமல் இருந்தால் டிஸ்க் அறையைவிட 15, 20 டிகிரி மேலே போகும். மெதுவாகச் சுழலும் ஒரு நல்ல ஃபேன் அந்த வித்தியாசத்தைப் பத்துக்குக் கொண்டுவரும். அங்கிருந்து ஐந்துக்குக் கொண்டுவர இரைச்சலாக, முழு வேகத்தில் அடிக்க வேண்டும். முதல் ஐந்து, பத்து டிகிரிதான் லாபம். அடுத்த ஐந்துக்கு நாம் கொடுக்கும் விலை தூசி. ஆந்தி என்ற புழுதிப்புயல் அடித்த மாலையில் பால்கனிக் கதவைத் திறந்துவிட்ட வீட்டின் தரையை மறுநாள் துடைத்தவர்களுக்கு அந்த விலை தெரியும். நவம்பரில் வரும் புகைமூட்டத் தூசி இன்னும் நுண்ணியது. உப்பும் கந்தகச் சேர்மங்களும் கலந்தது. ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். பெட்டியின் பக்கத்தகட்டைக் கழற்றினால் இன்னொரு நஷ்டம், காற்று வர வேண்டிய பாதையே கலைந்துவிடுகிறது. முன்னே உள்ள ஃபேன் இழுக்கும் காற்று டிஸ்க்குகளின் இடுக்கு வழியாகப் போகாமல் திறந்த பக்கமாக ஓடிவிடும்.

அதிர்வும் உண்டு. சன் மைக்ரோசிஸ்டம்ஸில் இருந்த பிரண்டன் கிரெக் 2008 கடைசியில் ஒரு சின்ன வீடியோ எடுத்தார். டிஸ்க் வரிசைக்கு முன்னால் நின்று வாயைத் திறந்து கத்துகிறார். டிஸ்க்குகள் எழுதுவதற்கு எடுக்கும் நேரம் திரையில் குபீரென்று ஏறுகிறது. 2016இல் புக்காரெஸ்டில் ஐஎன்ஜி வங்கியின் கூடத்தில் தீயணைப்பு வாயுச் சோதனை நடத்தியபோது, வாயு சீறிய சத்தத்திலேயே டிஸ்க்குகள் பல கெட்டுப்போயின. மலிவுத் தகரப் பெட்டியில் முழு வேகத்தில் அதிரும் ஃபேன் அந்த அளவுக்குப் போகாதுதான். ஆனாலும் நடுங்கும் பெட்டியில் தலை ஒரே தடத்தில் நிற்கத் தடுமாறும், எழுதியதைத் திரும்ப எழுதும், அதனாலும் சூடாகும்.

'ஹீலியம் டிஸ்க் வாங்கிட்டேன், எனக்குக் கவலையில்ல' என்பவர்களுக்கு ஒரு வார்த்தை. 2013 முதல் வரும் அந்த டிஸ்க்குகள் முழுக்க மூடி முத்திரையிட்டவை. உள்ளே உராய்வு குறைவு, சூடும் குறைவு. சாதாரண டிஸ்க்கின் மூடியில் இருக்கும், மூடாதே என்று பக்கத்தில் அச்சிட்டிருக்கும் அந்த மூச்சுத்துளை இவற்றில் இல்லை. ஆக உள்ளே ஈரம் போகாது. ஆனால் சர்க்யூட் போர்டு வெளியேதான் இருக்கிறது, நாலாக் காற்றில்.

ஆகவே துவாரகாவில் சர்வர் வைக்க நல்ல இடம் எது? வெளிச்சுவரைத் தொடாத உள் நடையில், தரையிலிருந்து முழங்கால் உயரத்தில் ஒரு திறந்த தட்டு. பால்கனி வேண்டாம், குளியலறைச் சுவர் வேண்டாம், கடுகெண்ணெய் தாளிக்கும் சமையலறை வேண்டாம், கற்பூரமும் ஊதுபத்தியும் புகையும் சுவாமி அலமாரிக்குக் கீழேயும் வேண்டாம். கதவு சாத்திய இரும்பு பீரோ கூடவே கூடாது. அங்கேதான் சூடு உண்மையிலேயே ஆபத்தாகும். பெட்டியை எல்லாத் தகடும் மாட்டி மூடி வையுங்கள். முன்னே 120 அல்லது 140 மில்லிமீட்டர் ஃபேன் ஒன்று, அதன் முன் கழற்றிக் கழுவும் வலை. ஃபேனின் வேகத்தை ப்ராசஸரின் சூட்டோடு கட்டாமல் டிஸ்க்கின் சூட்டோடு கட்டுங்கள். 45 வரை சோம்பேறியாகச் சுழலட்டும், அதற்கு மேல் வேகம் எடுக்கட்டும். எச்சரிக்கை மணி 50இல், தானாக நின்றுபோவது 58இல் என்பது என் கணக்கு. மே, ஜூன் மதியங்களில் 50ஐத் தொட்டால் பெரிய பிரதி வேலைகளை விடியற்காலைக்குத் தள்ளிவையுங்கள். அப்போது சுவர்கள் ஓரளவு ஆறியிருக்கும். வருஷம் முழுக்கச் சேர்த்துப் பார்த்தால் டிஸ்க்கின் சராசரி 40க்குப் பக்கத்தில்தான் நிற்கும். மே மாதத்தின் மோசமான வாரத்தை வைத்து வருஷத்தையே நடத்த வேண்டியதில்லை.

டிஸ்க்கைத் தூங்கவைக்காதீர்கள், குறிப்பாக மழைக்காலத்தில். ஊருக்குப் போகிறோம் என்று ஆகஸ்டில் சர்வரை அணைத்துவிட்டுப் போவது அதைவிட மோசம். அணைத்துத்தான் ஆக வேண்டும் என்றால் சிலிக்கா பொட்டலம் போட்ட காற்றுப்புகாத டப்பாவில் டிஸ்க்குகளை வைத்துவிட்டுப் போகலாம்.

ஜனவரியில் இந்தக் குளிர்விக்கும் வெறி வேடிக்கையாகவே ஆகிவிடுகிறது. பனிமூட்டத்தில் அறை 12 டிகிரிக்கு இறங்கியிருக்கும். சூடு போடாத அறையில் நாம் ஸ்வெட்டருக்குமேல் சால்வை போர்த்தி உட்கார்ந்திருப்போம். ஏப்ரலில் வைத்த டேபிள் ஃபேன் டிஸ்க்கின் முகத்துக்கு எதிரே இன்னும் ஓடிக்கொண்டிருக்கும். திரையில் 17 காட்டும். கூகுள் கணக்கில் அதிகம் பழுதான டிஸ்க்குகள் இருந்தது இந்தக் குளிர்ந்த கோடியில்தான். பனிமூட்டக் காற்றின் ஈரப்பதம் காலையில் நூறைத் தொட்டுக்கொண்டு நிற்கும். புகையும் அதோடு கலந்திருக்கும். அந்த ஃபேனின் பிளக்கை தீபாவளி முடிந்ததும் பிடுங்கிவிடுங்கள். பெட்டிக்குள் இருக்கும் ஃபேனும் 30க்குக் கீழே நின்றுவிடும்படி செட்டிங்கை மாற்றுங்கள். மார்ச் கடைசியில் வலையைக் கழுவி மாட்டும்போது அதைத் திரும்பப் பார்த்தால் போதும்.